காதுக்குள் ஒரு சில்வண்டு

2023 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கண் விழித்தபோது சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாத நேரம். ஊரில் அம்மா வீட்டில் படுத்திருக்கிறேன் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் படுத்திருந்தது பெட்டாலிங் ஜெயாவில், அடுக்குமாடியின் பதினோராவது மாடியில். கீழே கார் நிறுத்துமிடம், அதற்கப்பால் நெடுஞ்சாலை. சில்வண்டு ஏறி வர அங்கே ஒரு செடிகூடக் கிடையாது.

ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் நிற்கவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவை மூடினேன். இன்னும் தெளிவாகக் கேட்டது. இரண்டு காதையும் விரலால் அடைத்தேன். அப்போதுதான் அது எங்கே உட்கார்ந்து கத்துகிறது என்று தெரிந்தது.

அந்த மாதம் நான் எங்கெங்கே போனேன் என்று சொன்னால்தான் இந்தச் சில்வண்டு வந்த வழி புரியும். அம்மா இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர். யாரோ சொல்லித் தெரிவதைவிட என் வாயாலேயே தெரியட்டும்.

நாங்கள் ஐந்து பேர். ஒரே பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது கோலாலம்பூரைச் சுற்றி ஆளுக்கொரு மூலையில் வேலை செய்கிறோம். ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். ரவாங், பந்திங், குளுவாங், கூட்டத்தில் ஒரே பெண்ணான தைப்பிங். சுங்கை ஆயர் தாவார்க்காரனான நான் 'தாவார்'. மலாய் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாவார் என்றால் உப்பில்லாத நல்ல தண்ணீர், சப்பென்று இருப்பது. பேரம் பேசுவதற்கும் அந்தச் சொல்தான். "பேருக்கேத்த ஆளு. சப்புன்னு இருப்பான், கிளப் வாசல்லயும் வெலைய கொறைக்கச் சொல்லுவான்" என்பான் பந்திங்.

டிசம்பரில் குளுவாங்குக்குக் கல்யாணம். "அதுக்கப்புறம் என்னை விட மாட்டாங்கடா, நவம்பர் முழுக்க எனக்குக் குடுங்க" என்று கேட்டான். கல்யாணம் ஆகப்போகும் ஒருவன் இப்படிக் கேட்டால் மறுக்க யாருக்கு மனம் வரும்? மே மாதமே சண்டை போட்டு வாங்கி வைத்திருந்த கோல்ட்பிளே டிக்கெட்டும் நவம்பர் 22ஆம் தேதிக்குத்தான். அதைச் சுற்றி மற்ற இரவுகளைக் கோர்த்துக்கொண்டோம்.

முதல் இரவு நவம்பர் 4. தமிழ்ப் பாட்டுப் போடும் கிளப் ஒன்று. அதற்கு முன் வேறொரு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டோம். "மெம்பர்ஸ் ஒன்லி பாஸ்" என்றார் வாசலில் நின்றவர். எங்களுக்குப் பின்னால் வந்த நான்கு பேர் எந்த அட்டையையும் காட்டாமல் உள்ளே போனார்கள். நாலு இந்தியப் பையன்கள் சேர்ந்து வந்தால் சண்டைக்குத்தான் வந்திருப்பார்கள் என்ற கணக்கு. நாங்களோ ஒரு கணக்காய்வாளன், ஒரு வங்கி ஊழியன், ஒரு தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி, ஒரு மருந்தாளர், ஒரு ஆசிரியர். தைப்பிங்தான் ஆசிரியர். அன்று அவள் மட்டும்தான் நியாயம் கேட்டாள். நாங்கள் நால்வரும் "விடு, விடு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம். இப்போது நினைத்தால் கேட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

தமிழ்க் கிளப்பில் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் வந்து மோதுவது காதில் அல்ல, நெஞ்சில். ஸ்பீக்கரில் அடிக்கும் பாஸ் விலா எலும்புக்குள் குத்தும். பேச வேண்டுமென்றால் ஒருவன் காதுக்குள் இன்னொருவன் வாயை வைத்துக் கத்த வேண்டும். பழைய பாட்டு ஒன்றுக்கு டிஜே உறுமி அடியைச் சேர்த்துப் போட்டபோது தெரியாத கூட்டமெல்லாம் தோளில் கைபோட்டு ஆடியது. கணக்காய்வு அறிக்கைகளுக்கு நடுவே வாரம் முழுக்கக் குனிந்திருந்த முதுகு அன்றுதான் நிமிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. இளைஞர்கள் கெட்டுப் போவதற்கே கிளப்புக்குப் போகிறார்கள் என்று எழுதுகிறவர்கள், ஒரு தடவை உள்ளே போய் நின்றுவிட்டு எழுதலாம். அரை மணி நேரம் போதும்.

குடி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். இரண்டு பேர் குடிப்பார்கள், மூன்று பேர் தொட மாட்டோம். ஆனாலும் யாரும் கார் எடுத்து வருவதில்லை. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், அது 30,000 வரை போகலாம், இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. உயிர் போனால் 10இலிருந்து 15 வருடம். பந்திங்கின் ஒன்றுவிட்ட அண்ணன் அந்தச் சாலையில்தான் போனார். அதனால் இந்த விஷயத்தில் எங்களுக்குள் பேச்சே கிடையாது. கிராப் பிடித்துப் போவோம், கிராப் பிடித்து வருவோம்.

அன்று இரவு காது அடைத்துக்கொண்டது. உள்ளே பஞ்சு வைத்த மாதிரி. காலையில் சரியாகிவிட்டது. கிளப்புக்குப் போய் வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

12ஆம் தேதி தீபாவளி. முதல் நாள் ஊருக்குப் போனேன். கோல சிலாங்கூர் தாண்டி, தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்வெளி, சுங்கை பெசார் என்று கடலோரமாகவே போகும் சாலை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கள் ஊர்ப் பக்கம் தென்னையும் செம்பனையும்தான். தோட்டத்து லயத்தை விட்டு வந்து பல வருடங்கள் ஆகின்றன. இப்போது இருப்பது சின்னத் தாமான் வீடு. பின்னால் ஒரு வாய்க்கால், அதற்குப் பின்னால் செம்பனை.

தீபாவளி இரவு, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, ஐந்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா மகளுக்கு ஐந்து வயது. அவள் தாத்தாவிடம் ஒரு நீளமான கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளியில் யாரோ அவள் அழிப்பானை எடுத்துக்கொண்டது பற்றி. அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். கதையில் அவள் அழுத இடம் வந்தபோது சிரித்தார். பாப்பா கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டது.

"என்னமா கத்துது பாருங்க இந்தச் சில்வண்டு, மனுஷன் தூங்க முடியாது" என்றார் அம்மா.

"எங்க கத்துது?" என்றார் அப்பா.

நாங்கள் சிரித்தோம். அப்பா எப்போதும் இப்படி ஏதாவது சொல்லிக் கேலி செய்வார், அதில் ஒன்று என்று நினைத்தோம். அவரும் சிரித்தார். நாங்கள் சிரித்ததால் சிரித்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

தீபாவளி முடிந்து 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை கிளப் இல்லை, நேரடி ராக் இசைக்குழு வாசிக்கும் ஒரு விடுதி. சின்ன இடம், தாழ்ந்த கூரை. நான்கு பேர் கொண்ட குழு. பாடகர் மலாய்க்காரர், கிட்டார் ஒரு சீனர், டிரம்ஸில் தலை நரைத்த தமிழர் ஒருவர். சர்ச், விங்ஸ் குழுக்களின் பாட்டுகள், நடுவே கன்ஸ் அண்ட் ரோசஸ். எண்பதுகளின் அந்த மலாய் ராக் பாட்டுகள் வெளிவந்தபோது எங்களில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. ஆனால் எல்லோருக்கும் வரி மனப்பாடம். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போகும் பேருந்தில் கற்றுக்கொண்டது. நான் டிரம்ஸ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை அசைவில் ஒரு தவிலின் ஞாபகம் இருந்தது. கோயிலில் தொடங்கியிருப்பார் என்று தைப்பிங்கின் காதில் கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் ரவாங் கைப்பேசியை எடுத்தான். அவன்தான் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி. சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றை எப்போதும் வைத்திருப்பான். திரையை எங்கள் முன்னால் நீட்டினான். 103 டெசிபல்.

"எங்க ஃபேக்டரியில இந்தச் சத்தம் இருந்தா மெஷினையே நிறுத்திட்டு ஓடி வருவேன்" என்றான்.

கணக்கு எளிதுதான் என்று இடைவேளையில் வெளியே நின்று விளக்கினான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு மனிதன் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம். அதன் பிறகு ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்காகும், காது தாங்கும் நேரம் பாதியாகும். 88இல் நான்கு மணி நேரம், 91இல் இரண்டு, 94இல் ஒன்று, 97இல் அரை மணி, 100இல் பதினைந்து நிமிடம்.

"அப்ப 103ல?"

"ஏழரை நிமிஷம்."

"ஏழரைன்னாலே நமக்கு ஆகாதுடா" என்றான் பந்திங். சிரித்துவிட்டு உள்ளே போனோம். மொத்தம் மூன்று மணி நேரம் நின்றோம். நான் நின்றது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்.

22ஆம் தேதி புக்கிட் ஜாலில். கோல்ட்பிளே நம் நாட்டில் நடத்திய முதல் நிகழ்ச்சி. புதன்கிழமை, மறுநாள் எல்லோருக்கும் வேலை. எல்ஆர்டி ரயில் இறங்கும்போதே பாட்டு தொடங்கிவிட்டது, மேடையில் அல்ல, படிக்கட்டில். நுழையும் இடத்தில் கையில் ஒரு பட்டை மாட்டிவிட்டார்கள். முதலில் தூடோங் அணிந்த நம் நாட்டு ராப் பாடகி புங்கா வந்து பாடினார். அதன் பிறகு விளக்குகள் அணைந்து, ஸ்டேடியம் முழுக்க அத்தனை கைப்பட்டைகளும் ஒரே நிமிடத்தில் மின்னியபோது தைப்பிங் அழுதாள். ஏன் என்று கேட்டதற்கு "தெரியல, சும்மா" என்றாள். குளுவாங் தன் வருங்கால மனைவிக்கு வீடியோ அழைப்பு போட்டு மேடையைக் காட்டினான். அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கப்போவது வெறும் இரைச்சல்தான், ஆனாலும் அரை மணி நேரம் அழைப்பைத் துண்டிக்கவில்லை. நல்ல பெண்.

அந்த நிகழ்ச்சியை நடத்தவே கூடாது என்று அரசியல்வாதிகள் சிலர் மே மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 21 அன்று சிப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் விழாவில் 'தி 1975' குழுவின் பாடகர் மேடையிலேயே சக இசைக்கலைஞரை முத்தமிட்டதும், மீதி இரண்டு நாள் விழா ரத்தானதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் பிறகு, கட்டுப்பாட்டை மீறினால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. கோல்ட்பிளே நிகழ்ச்சிக்கு முன்னால் இதைப் பற்றித்தான் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அதற்கும் முன்னால், 1992இல், அப்போதைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் நீளமுடி வைத்த ராக் பாடகர்களை ஆர்டிஎம்மில் காட்டக் கூடாது என்றார். சர்ச், விங்ஸ் ஆட்கள் முடி வெட்டிக்கொண்ட கதையை எங்கள் அக்கா இன்றும் வருத்தத்தோடு சொல்வார். முடி, உடை, முத்தம். முப்பது வருடமாக நாம் ராக் இசையைப் பற்றிச் சண்டை போட்டது எல்லாம் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றித்தான். காதைப் பற்றி எந்தக் கட்சியும் ஓர் அறிக்கைகூட விட்டதாக எனக்கு நினைவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று எங்கள் முன்னால் பாடிய கிறிஸ் மார்ட்டினுக்கே காதில் இந்தச் சில்வண்டு உண்டு. சின்ன வயதில் சத்தமாகப் பாட்டுக் கேட்டதால் வந்தது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி, 2012இல் பிரிட்டனில் காது கேளாதோருக்கான ஓர் அறக்கட்டளையின் பிரசாரத்தில் சேர்ந்தார். அப்போதிருந்தே காதை அடைத்துக்கொண்டுதான் மேடை ஏறுகிறார். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்கு இந்தப் பிரச்சினை எத்தனையோ வருடப் பழையது. ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன், முழுசாகச் செவிடாகிவிடுவீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016இல் சுற்றுப்பயணத்தை நடுவில் நிறுத்தினார். மேடையில் இருப்பவர் காதைப் பாதுகாத்துக்கொண்டு பாடுகிறார், காசு கொடுத்த நான் வெறும் காதோடு நிற்கிறேன்.

இதெல்லாம் பிறகு தேடிப் படித்தது. அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நாள் கழித்து, 25ஆம் தேதி சனிக்கிழமை, குளுவாங்கின் கடைசி இரவு என்று மறுபடியும் ஒரு கிளப். அதுதான் கணக்கை முடித்து வைத்தது.

மொத்தச் செலவு, நான் குறித்து வைத்தபடி, 1,640 வெள்ளி. கணக்காய்வாளன் அல்லவா, பைசா விடாமல் எழுதி வைத்திருந்தேன். டிக்கெட், கிராப், சாப்பாடு, விடிகாலை மாமாக் கடையில் ரொட்டி சானாய். காதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்கு நாள் பார்த்தேன். சத்தம் குறைந்தது, போகவில்லை. அலுவலகத்தில் தெரியாது. இரவில், விசிறியை நிறுத்தினால், வந்துவிடும். ஐந்தாவது நாள் கிளினிக் போனேன். அங்கிருந்து காது மூக்கு தொண்டை நிபுணருக்கு அனுப்பினார்கள். ஒலி புகாத ஒரு சின்ன அறை, காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கடைசியில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

மருத்துவர் தமிழ்ப் பெண்மணி, பொறுமையாகச் சொன்னார். உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஓர் உறுப்பு. அதில் மயிரிழை போன்ற நுனிகள் கொண்ட உயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கும். பிறக்கும்போது கொடுத்தது அவ்வளவுதான். நகம் முடி மாதிரி வளராது. பெரிய சத்தத்தில் அவை புல் மாதிரி சாயும். சாய்ந்தது நிமிர்வதற்குள் மறுபடி சாய்த்தால் சில நிமிராது, செத்துப்போகும். முதலில் சாவது 4,000 ஹெர்ட்ஸ் அருகே கேட்கும் அணுக்கள். "உங்களுக்கு இப்பதான் ஆரம்பம். இதோட விட்டா இப்படியே இருக்கும்" என்றார். பிறகு வழக்கமான கேள்விகள். வேலை என்ன, குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காதா?

"அப்பாவுக்குக் கொஞ்சம் மந்தம். வயசாயிடுச்சு, அறுபத்தாறு."

"என்ன வேலை செஞ்சார்?"

"எண்ணெய் ஆலையில. செம்பனை."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எத்தனை வருஷம்?"

அப்பா அந்த ஆலையில் சேர்ந்தது 1984இல். நாங்கள் லயத்தில் இருந்தபோது ஆலையின் சத்தம் வீடு வரைக்கும் வரும். நீராவியைத் திறந்துவிடும்போது எழும் அந்தச் சீற்றம் எங்களுக்குக் கடிகாரம். உள்ளே, டர்பைனுக்கும் பிழியும் இயந்திரத்துக்கும் நடுவே, அப்பா முப்பது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறார். இந்த நாட்டில் தொழிற்சாலைச் சத்தத்துக்கென்று விதிமுறை வந்ததே 1989இல்தான். அதிலும் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதி. அதை 85 ஆகக் குறைத்த புதிய விதி 2019 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தபோது அப்பா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. காதில் மாட்டும் கவசம் கொடுத்தார்கள், கொடுக்கவில்லை என்றில்லை. ஆனால் அந்தச் சூட்டில் அதை மாட்டினால் வியர்வை காதுக்குள் இறங்கும், பக்கத்தில் உள்ளவன் கத்தினாலும் தெரியாது, அது இன்னொரு ஆபத்து. கழுத்தில் மாலை மாதிரி போட்டிருப்போம் என்பார்.

நிகழ்ச்சி ஒன்றுக்கு மூன்று மணி நேரம், மாதம் நான்கு இரவு, அதற்கே எனக்கு ஒரு பள்ளம். அவருக்கு நாளுக்கு எட்டு மணி நேரம். எனக்குச் சத்தம் பொழுதுபோக்கு, காசு கொடுத்து வாங்கினேன். அவருக்கு அதைத் தாங்கியதற்குத்தான் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் நான் பல்கலைக்கழகம் போனேன்.

ஜனவரியில் அப்பாவை அழைத்துப் போனேன். வர மாட்டேன் என்றார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க." இந்த ஒரு வாக்கியம் எத்தனை வீட்டில் ஒலிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர் சொல்வது பொய்யும் இல்லை என்றார் மருத்துவர். சத்தத்தால் கெட்ட காதுக்கு 'அ', 'ஓ' போன்ற உயிரொலிகள் கேட்கும். 'ச', 'ஸ', 'த' போன்ற மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் போய்விடும். பேச்சு கேட்கும், சொல் விளங்காது. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் முதலில் நழுவும். நான் பேசினால் அப்பாவுக்குப் பாதியாவது புரியும். அம்மா பேசினால் உதட்டைப் பார்ப்பார். பாப்பா பேசினால் தலையாட்டுவார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண்ணுக்குப் பின்னால் நான். அவர் ஒரு குமிழைத் திருகி ஒலியை அனுப்பும்போது கருவியில் ஒரு விளக்கு எரியும். அப்பா அழுத்தினால் இன்னொரு விளக்கு எரியும். முதலில் தாழ்ந்த ஒலிகள். இரண்டு விளக்கும் மாறி மாறி எரிந்தன, எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு மேலே போகப் போக, முதல் விளக்கு மட்டும் எரிந்தது. அந்தப் பெண் ஒலியைக் கூட்டினார். விளக்கு எரிந்தது. இன்னும் கூட்டினார். அப்பா பொத்தானைப் பிடித்தபடி, தேர்வு எழுத வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கூட்டினார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "பாதி நேரம் அந்தப் பொண்ணு ஒண்ணுமே போடலய்யா. சும்மா உக்கார வச்சிருந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்றார்கள். நல்லது வாங்க வேண்டுமென்றால் என் இரண்டு மூன்று மாதச் சம்பளம். தொழில் காரணமாக ஏற்படும் செவிப்புலன் இழப்பை 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலேயே தொழில்நோயாகச் சேர்த்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவருக்கு இப்போது என்ன கிடைக்கும் என்று சொக்சோவில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அப்பாவோடு ஆலையில் நின்றவர்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் டிவி தெருவுக்கே கேட்கும். எல்லாருக்கும் 'வயசாயிடுச்சு' என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உங்கள் வீட்டில் ஆலை, மரத்தொழிற்சாலை, நெசவாலை என்று எங்காவது வேலை செய்த அப்பாவோ அம்மாவோ இருந்தால், ஒரு தடவை அழைத்துப் போய்ச் சோதித்துவிடுங்கள். அவர்களாகப் போக மாட்டார்கள்.

நான் கிளப்புக்கும் கச்சேரிக்கும் போவதை நிறுத்திவிட்டேனா என்று கேட்டால், இல்லை. குளுவாங் கல்யாணத்துக்கு முந்தைய இரவே ஆடினோம். மருந்தகத்தில் விற்கும் நுரைப் பஞ்சு இப்போது பையில் இருக்கிறது. ஜோடி இரண்டு மூன்று வெள்ளிதான். அதை விரலால் திரி மாதிரி உருட்டி, மற்ற கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா நுனியில் சொருகினால் பயன் இல்லை. பாட்டு கொஞ்சம் மங்கும், உண்மை. சுருதியைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான் என்று ஒன்று இருக்கிறது, விலை அதிகம், பிறந்தநாளுக்கு யாராவது வாங்கிக் கொடுத்தால் சந்தோஷம். ஸ்பீக்கர் பக்கம் நிற்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து பத்து நிமிடம் நிற்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கென்று ஒரு வரையறை வெளியிட்டது. சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காது அடைப்பான் கொடுக்க வேண்டும், சத்தமில்லாத ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று. நான் போகிற இடங்களில் அந்தச் சத்தமில்லாத இடம் பெரும்பாலும் கழிப்பறைதான்.

கிளப்பை மட்டும் சொல்வானேன்? குளுவாங் கல்யாண மண்டபத்தில் ரவாங் மறுபடி கைப்பேசியை எடுத்தான். 98. மேடைக்கு முன் வரிசையில் பாட்டிகள், மடியில் கைக்குழந்தைகள். யாரிடமாவது குறைக்கச் சொல்லலாம் என்று எழுந்து போனேன். ஒலிபெருக்கிக்காரர் நான் சொன்னது கேட்காமல் கட்டை விரலை உயர்த்திக் காட்டி இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். கருவி பொருத்துவதற்கு ஏப்ரலில்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள். இரவு ஐந்தடியில் உட்கார்ந்திருந்தோம், அப்பாவும் நானும் மட்டும். நடந்ததையெல்லாம் அவருக்கு விளக்கியிருந்தேன், வரைபடத்தைக் காட்டி, சில்வண்டு கத்துவதும் அந்தப் பள்ளம் விழுந்த இடத்தில்தான் என்பது வரை. அவர் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பக் கத்துதா?" என்றார்.

"கத்துதுப்பா."

"எந்தப் பக்கம்?"

உன்னிப்பாகக் கேட்டேன். எது வெளியில், எது என் காதுக்குள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"வாய்க்கால் பக்கம்" என்றேன். அவர் அந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.